டூம்: தி டார்க் ஏஜஸ் உங்கள் கணினியில் சரியாக ஓட: கார்டு தேர்விலிருந்து பாத் டிரேசிங் வரை முழுமையான வழிகாட்டி

ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டில் டூம் எடர்னல் 1080பி-யில் 60 எஃப்பிஎஸ்-க்கு (நொடிக்கு 60 ஃபிரேம்) மேல் தாராளமாக ஓடும். 2025 மே 15 அன்று வந்த டூம்: தி டார்க் ஏஜஸின் ஆதரவுப் பட்டியலில் அதே கார்டுக்கு இடமே இல்லை. கார்டு மெதுவானது என்பதற்காக ஒதுக்கவில்லை. ஒளிக்கதிர்களின் பாதையைப் பின்தொடர்ந்து வெளிச்சத்தைக் கணக்கிடும் ரே டிரேசிங்குக்கான வன்பொருள் அதில் கிடையாது, இந்த ஆட்டத்தில் ரே டிரேசிங்கை அணைக்க வழியும் கிடையாது.

"எல்லாத்தையும் லோ-வில் வைத்தால் எப்படியாவது ஓடிவிடும்" என்ற பழைய கணக்கு இங்கே செல்லாது. அதனால் பார்க்கும் வரிசை முக்கியம். முதலில் கார்டால் முடியுமா என்று பாருங்கள். அடுத்து கார்டின் மெமரி, அப்புறம் பிராசசரும் ரேமும் எஸ்எஸ்டியும். செட்டிங்ஸ் கடைசியில்தான் வரும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, நிழலையும் புகையையும் குறைத்துப் பார்த்து, ஒன்றும் நடக்காமல் சலித்துப்போகிறார்கள்.

ஏன் ரே டிரேசிங் கட்டாயம்?

1996-ல் வந்த குவேக் காலத்திலிருந்தே ஐடி சாஃப்ட்வேர் போன்ற ஸ்டூடியோக்கள் ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடுவார்கள். சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தரையில் எவ்வளவு விழும் என்பதை ஸ்டூடியோவின் கணினிகள் மணிக்கணக்கில் கணக்கிட்டு ஃபைலாகச் சேமிக்கும். உங்கள் கார்டு அந்த ஃபைலைப் படித்து வரைந்தால் போதும். இதற்கு மூன்று விலை உண்டு. வடிவமைப்பாளர் ஒரு தூணை நகர்த்தினால் மறுபடி கணக்கிட வேண்டும். மட்டம் (லெவல்) பெரிதானால் ஃபைலும் பெருக்கும். ஆட்டத்தின்போது சுவர் இடிந்தால் வெளிச்சம் அதற்கேற்ப மாறாது.

டார்க் ஏஜஸின் மட்டங்கள் எடர்னலைவிட மிகப் பெரியவை. அதனால் ஐடி டெக் 8 என்ஜினில் மறைமுக ஒளி முழுவதையும் ஆட்டம் ஓடும்போதே கதிர்களை அனுப்பிக் கணக்கிடுகிறார்கள். குண்டு பட்டது உலோகக் கவசத்திலா தோலிலா என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கவும் அதே கதிர்கள் பயன்படுகின்றன.

இதில் கார்டு செய்யும் வேலை இப்படி. காட்சியிலுள்ள முக்கோணங்களைப் பெட்டிகளுக்குள் அடைத்து, அந்தப் பெட்டிகளைப் பெரிய பெட்டிகளுக்குள் அடைத்து, ஒரு மரம் போன்ற பட்டியலை உருவாக்குகிறது. ஒரு கதிர் பெரிய பெட்டியில் படவில்லை என்றால் உள்ளே இருக்கும் ஆயிரக்கணக்கான முக்கோணங்களையும் சோதிக்காமல் விட்டுவிடலாம். இந்தப் பெட்டிச் சோதனைக்கென்றே ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் தனி மின்சுற்று இருக்கிறது. அது இல்லாத கார்டு சாதாரண ஷேடர் கோர்களால் அதைச் செய்ய முயன்றால் பல மடங்கு நேரம் எடுக்கும். அசையும் அரக்கர்களுக்கு இந்தப் பட்டியலை ஒவ்வொரு ஃபிரேமிலும் புதுப்பிக்க வேண்டும், அதில் பிராசசருக்கும் பங்கு உண்டு. ஆட்டம் 8 கோர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் 16.7 மில்லிசெகண்டில் முடிக்க வேண்டும். 120 எஃப்பிஎஸ்-க்கு 8.3 தான். இந்த நேரத்துக்குள் ஒரு பிக்சலுக்குச் சில கதிர்களைத்தான் அனுப்ப முடியும், அதனால் கிடைக்கும் படம் புள்ளி புள்ளியாக இருக்கும். முந்தைய ஃபிரேம்களின் தகவலையும் சேர்த்து டீநாய்சர் அதை மென்மையாக்குகிறது. திடீரென ஒளி மாறும் இடங்களில், உதாரணமாக வெடிப்புக்குப் பிறகு, சுவரிலுள்ள வெளிச்சம் ஒரு கணம் தாமதமாக அடங்குவதை உற்றுப் பார்த்தால் கவனிக்கலாம். அது கோளாறல்ல, செட்டிங்ஸில் தேடிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

படி 1: கார்டின் பெயரையும் மெமரியையும் பாருங்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் ஜிபியு-வைத் தேர்ந்தெடுங்கள். வலது மேல் மூலையில் கார்டின் பெயர், கீழே டெடிகேட்டட் மெமரி எவ்வளவு என்று இருக்கும். ஷேர்டு மெமரி என்று காட்டுவது கணினியின் சாதாரண ரேம், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடைக்காரர்கள் சிலர் இரண்டையும் கூட்டி "16 ஜிபி கிராபிக்ஸ்" என்று சொல்லி விற்பதுண்டு.

என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்தும், ஏஎம்டியில் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்தும் ரே டிரேசிங் வன்பொருள் இருக்கிறது. ஜிடிஎக்ஸ் என்று தொடங்கும் எதுவும் ஆகாது. ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 580 இரண்டும் ஆகாது.

அதிகாரபூர்வக் குறைந்தபட்சம் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600, கார்டில் 8 ஜிபி மெமரி. 1080பி, லோ செட்டிங்ஸ், 60 எஃப்பிஎஸ் என்பதற்கான அளவு இது. 1440பி-யில் ஹை வைத்து 60 வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 3080 அல்லது ஆர்எக்ஸ் 6800, குறைந்தது 10 ஜிபி. 4கே அல்ட்ராவுக்கு ஆர்டிஎக்ஸ் 4080 அல்லது ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டி, 16 ஜிபி.

சூப்பர் அல்லாத ஆர்டிஎக்ஸ் 2060-ன் வழக்கமான பதிப்பில் 6 ஜிபிதான். ஆர்டிஎக்ஸ் 3060, 4050 லேப்டாப்களிலும் 6 ஜிபியே. ரே டிரேசிங் வன்பொருள் இருந்தாலும் இவை பட்டியலுக்கு வெளியே நிற்பவை. ஆட்டத்தை நம்பி இவற்றைப் புதிதாக வாங்க வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு பதிப்புகள் உண்டு. 8 ஜிபி பதிப்புகூட வேகத்தில் 2060 சூப்பருக்குக் கீழேதான்.

மெமரி நிரம்பினால் என்ன நடக்கும்?

இந்த ஆட்டத்தில் மக்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கார்டின் மெமரி போதாதபோது, வழிந்த தகவல் மதர்போர்டு வழியாகக் கணினியின் ரேமுக்குப் போய் வருகிறது. ஆர்எக்ஸ் 6600-ன் சொந்த மெமரி நொடிக்கு 224 ஜிபி வேகத்தில் படிக்கும். கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ 4.0-ல் எட்டு லேன் (தகவல் பாதை) இணைப்பின் வேகம் நொடிக்குச் சுமார் 16 ஜிபி. பி450 போன்ற பழைய போர்டுகளில் இணைப்பு பிசிஐஇ 3.0 என்பதால் அது பாதியாகி 8 ஜிபிக்கு இறங்கும். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 இரண்டும் எட்டு லேன் கார்டுகள். எனவே மெமரி வழியும்போது பழைய போர்டில் விழும் அடி இரட்டிப்பு.

அறிகுறி தெளிவானது. முதல் பத்து நிமிடம் 65 எஃப்பிஎஸ் ஓடும். பெரிய மைதானம் ஒன்றுக்குள் நுழைந்ததும் 20-க்கு இறங்கி, சண்டை முடிந்த பிறகும் ஏறாது. ஆட்டத்தை மூடித் திறந்தால் மறுபடி 65. வேகம் போதாத கார்டு இப்படி நடந்துகொள்ளாது. அது எல்லா இடத்திலும் ஒரே சீராக மெதுவாக இருக்கும். மூடித் திறந்தால் சரியாகிறது என்றால் மெமரிதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

மருந்து டெக்ஸ்சர் பூல் சைஸ் என்ற செட்டிங். டெக்ஸ்சர்களுக்கென்று கார்டின் மெமரியில் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதை மெகாபைட் கணக்கில் அது தீர்மானிக்கிறது. 8 ஜிபி கார்டில் 2048-ல் தொடங்குங்கள், திணறினால் 1536-க்கு இறக்குங்கள். "டெக்ஸ்சரைக் குறைத்தால் படம் மங்கிவிடும்" என்ற பயம் இங்கே பெரும்பாலும் தேவையற்றது. கண்முன் இருக்கும் பொருளுக்குத் தேவையான டெக்ஸ்சர் எப்படியும் ஏறிவிடும். சட்டென்று திரும்பும்போது தூரத்துப் பாறை அரை நொடி மங்கலாகத் தெரிந்து பிறகு தெளிவாகும், அவ்வளவுதான். 12 ஜிபிக்கு மேல் உள்ளவர்கள் தாராளமாக ஏற்றலாம்.

ஆட்டத்துக்கு முன் பிரவுசரை மூடுங்கள். வீடியோ ஓடும் சில டேப்கள் மட்டுமே கார்டின் மெமரியில் சில நூறு எம்பி எடுத்துக்கொள்ளும். இரண்டாவது மானிட்டரும் அசையும் வால்பேப்பரும் அதே பங்கிலிருந்துதான் எடுக்கின்றன. 8 ஜிபியில் 500 எம்பி என்பது விளையாட்டுக் காரியமல்ல.

படி 2: பிராசசரும் ரேமும்

அதிகாரபூர்வக் குறைந்தபட்சம் 8 கோர், 16 திரெட்: ரைசன் 7 3700எக்ஸ் அல்லது கோர் ஐ7 10700கே. ரேம் 16 ஜிபி. பரிந்துரை ரைசன் 7 5700எக்ஸ் அல்லது ஐ7 12700கே, ரேம் 32 ஜிபி. கோர் எண்ணிக்கையை மட்டும் பார்த்து மிரள வேண்டாம். ஆறு கோர் ரைசன் 5 5600 பெரும்பாலான ஆட்டங்களில் எட்டு கோர் 3700எக்ஸை முந்துகிறது, காரணம் அதன் ஒவ்வொரு கோரும் வேகமானது. நான்கு கோர், நான்கு திரெட் கொண்ட பழைய ஐ5 வைத்திருப்பவர்கள் கார்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஏஎம்4 போர்டு (ரைசன் பிராசசர்களுக்கான ஒரு மதர்போர்டு வகை) இருந்தால் அதிர்ஷ்டம். பயாஸை அப்டேட் செய்து 5700எக்ஸ் பொருத்தலாம். அதன் மின் அளவு 65 வாட்தான், நடுத்தர கூலரே தாங்கும். பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் இருக்கும்போதே செய்யுங்கள். புதியதைப் பொருத்திய பிறகு செய்யலாம் என்று விட்டால் திரையே வராமல் போகலாம்.

ரேமில் இரண்டு பொதுவான தவறுகள். ஒன்று, 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போடுவது. இரண்டு 8 ஜிபி குச்சிகள் போட்டால் பிராசசருக்குத் தகவல் போகும் பாதை இரட்டிப்பாகும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும் பொதுவாகச் சரியான இடம், போர்டின் கையேட்டில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றொன்று, 3200 என்று எழுதிய ரேமை வாங்கிவிட்டு பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் வசதி) இயக்காமல் விடுவது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்பீடு 2133 அல்லது 2400 என்று காட்டினால் காசு கொடுத்து வாங்கிய வேகம் தூங்கிக்கொண்டிருக்கிறது.

படி 3: எஸ்எஸ்டி

100 ஜிபி காலி இடம், அதுவும் என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில். எம்.2 வடிவில் இருப்பதெல்லாம் என்விஎம்இ அல்ல, அதே வடிவில் சாட்டா வகையும் விற்கிறது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் வழியே டிஸ்க்ஸ் அண்ட் வால்யூம்ஸ் போய் ப்ராபர்டீஸைத் திறந்தால் பஸ் டைப் என்ற வரியில் எது என்று தெரியும். சுழலும் ஹார்டு டிஸ்க்கில் போடாதீர்கள். டெக்ஸ்சர்கள் ஓட ஓட ஏறும் ஆட்டத்தில் அது ஒவ்வொரு திருப்பத்திலும் தடுக்கும். டிரைவை முழுதாக நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். நிரம்பிய எஸ்எஸ்டி எழுதும்போது வேகமிழக்கும்.

படி 4: மின்சாரமும் வெப்பமும்

ஆர்எக்ஸ் 6600 அதிகபட்சம் 132 வாட். நல்ல தரமான 500 வாட் பவர் சப்ளை போதும். ஆர்டிஎக்ஸ் 3080 வேறு கதை: 320 வாட், என்விடியா பரிந்துரைப்பது 750 வாட் சப்ளை. 3080-ன் ஒவ்வொரு 8 பின் சாக்கெட்டுக்கும் சப்ளையிலிருந்து தனித்தனி கேபிள் கொடுங்கள். ஒரே கேபிளின் இரட்டை முனையைச் செருகினால் சுமை ஏறும் நொடியில் கணினி சட்டென அணைந்து மறுபடி எழலாம். 12 பின் சாக்கெட் உள்ள புதிய கார்டுகளில் பிளக் முழுவதும் உள்ளே போய்ப் பொருந்தியதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். பிளக்கை ஒட்டிய மூன்று நான்கு சென்டிமீட்டர் வயரை வளைக்காதீர்கள். அரைகுறையாகச் செருகிய பிளக்தான் சூடாகி உருகுகிறது.

லேப்டாப்பில் கார்டின் பெயரைவிட அதற்குக் கிடைக்கும் வாட்தான் பேசும். ஒரே பெயருள்ள கார்டு ஒரு மாடலில் 60 வாட்டிலும் இன்னொன்றில் 115 வாட்டிலும் ஓடும். சார்ஜரைச் செருகி, தயாரிப்பாளரின் மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ் மோடை வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கி வையுங்கள். 35 டிகிரி அறையில் ஏசி இல்லாமல் ஆடினால் முதல் ஐந்து நிமிட எஃப்பிஎஸ்-ஐ நம்பாதீர்கள். இருபதாவது நிமிடத்தில் வருவதுதான் உண்மையான எண்.

படி 5: பயாஸும் டிரைவரும்

பயாஸில் அபவ் 4ஜி டீகோடிங், ரீசைஸ் பார் இரண்டையும் இயக்குங்கள். கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக இவை வழிசெய்கின்றன. இதற்கு சிஎஸ்எம் (பழைய முறையில் விண்டோஸைத் தொடங்க உதவும் பயாஸ் வசதி) அணைந்திருக்க வேண்டும். அணைக்கும் முன் டிஸ்க் மேனேஜ்மென்டில் விண்டோஸ் இருக்கும் டிரைவ் ஜிபிடி வகையா என்று பாருங்கள். எம்பிஆர் வகையாக இருந்து சிஎஸ்எம்-ஐ அணைத்தால் விண்டோஸ் எழாது. பதற வேண்டாம், மறுபடி இயக்கினால் எழுந்துவிடும். விண்டோஸுடன் வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிவிட்டுப் பிறகு அணைக்கலாம்.

ஆட்டம் வல்கன் என்ற கிராபிக்ஸ் இடைமுகத்தில் மட்டும் ஓடுகிறது, அதனால் புதிய டிரைவர் அவசியம். டிரைவர் போட்டதும் பழைய ஷேடர் கேஷ் (முன்பே தயாரித்துச் சேமித்த கிராபிக்ஸ் நிரல்கள்) செல்லாமல் போகும். முதல் சில நிமிடத் தடுக்கல் அதனால் வருவது, அதை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். ஃபிரேம் ஜெனரேஷன் (ஃபிரேம்களுக்கு நடுவே கூடுதல் ஃபிரேமைச் செருகும் வசதி) பயன்படுத்த நினைக்கும் ஆர்டிஎக்ஸ் 40, 50 வரிசைக்காரர்கள் விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ஸில் ஹார்டுவேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: அளந்து பாருங்கள்

செட்டிங்ஸைத் தொடும் முன் அளவு எடுக்க வேண்டும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டு, கார்டின் பயன்பாடு, மெமரி, வெப்பம், ஃபிரேம் டைம் வரைபடம் நான்கையும் திரையில் வரவழையுங்கள். தொடக்க மட்டமான காலிம் கிராமத்தில் அளந்து திருப்திப்படாதீர்கள். முற்றுகை நடக்கும் ஆறாவது அத்தியாயம் போன்ற திறந்தவெளியில்தான் கணினியின் உண்மை முகம் தெரியும்.

கார்டின் பயன்பாடு 97 சதவீதத்துக்கு மேல் நின்றால் வேகத்தைத் தீர்மானிப்பது கார்டு. எஃப்பிஎஸ் குறைவாக இருந்தும் பயன்பாடு 60, 70 சதவீதத்தில் நின்றால் பிராசசரோ ரேமோ பின்னிழுக்கிறது. சந்தேகமிருந்தால் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் அசையவே இல்லை என்றால் புதுக் கார்டு வாங்கினாலும் அசையாது.

சராசரியைவிட ஒரு சதவீத லோ (மிக மெதுவான ஒரு சதவீத ஃபிரேம்களின் எஃப்பிஎஸ்) என்ற எண்ணுக்கு மதிப்புக் கொடுங்கள். கேடயத்தால் தாக்குதலைச் சரியான கணத்தில் தடுத்துத் திருப்புவதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். சராசரி 90, லோ 35 என்று ஓடும் கணினியில் அந்தக் கணம் தவறிக்கொண்டே இருக்கும். சராசரி 62, லோ 55 என்று ஓடும் கணினியில் ஆடுவது எவ்வளவோ மேல்.

படி 7: செட்டிங்ஸ், இந்த வரிசையில்

முதலில் அப்ஸ்கேலர், அதாவது குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து திரையின் அளவுக்கு நிமிர்த்தும் வசதி. 4கே-யில் 83 லட்சம் பிக்சல், 1440பி-யில் 37 லட்சம், 1080பி-யில் 21 லட்சம். கதிர்களின் எண்ணிக்கை பிக்சலைப் பொறுத்தே ஏறுவதால், ரே டிரேசிங் ஆட்டத்தில் ரெசல்யூஷனைக் குறைப்பது போல வேறெதுவும் பலன் தராது. என்விடியாவின் அப்ஸ்கேலரான டிஎல்எஸ்எஸ்-ல் குவாலிட்டி ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றில் இரண்டு பங்கில் வரைகிறது, பெர்ஃபார்மன்ஸ் பாதியில். அதாவது 4கே-யில் பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 1080பி. எதிலிருந்து நிமிர்த்துகிறது என்பதுதான் தரத்தைத் தீர்மானிக்கும். 4கே மானிட்டரில் பெர்ஃபார்மன்ஸ் நன்றாகவே இருக்கும், 1440பி-யில் குவாலிட்டி போதும், 1080பி-யில் குவாலிட்டிக்குக் கீழே போனால் முகங்களும் சங்கிலிகளும் கரையும். ஏஎம்டி கார்டுக்கு எஃப்எஸ்ஆர் என்ற அப்ஸ்கேலர்.

அடுத்து டெக்ஸ்சர் பூல், மேலே சொன்னபடி. அதன் பிறகு நிழல், வால்யூமெட்ரிக்ஸ் (புகை, மூடுபனி), ரிஃப்ளெக்ஷன்ஸ் மூன்றையும் ஒவ்வொன்றாக ஒரு படி இறக்கி, அதே இடத்தில் நின்று அளந்து பாருங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. லோ-வில் தொடங்கி அல்ட்ரா நைட்மேர் வரை ஆறு படிகள் இருந்தாலும் இந்த ஆட்டத்தில் அவற்றுக்கிடையே பார்வைக்கு வித்தியாசம் குறைவு. ஹை போதும். அதற்கு மேல் ஏற்றுவதைவிட அந்த மிச்சத்தை எஃப்பிஎஸ் ஆக்குவது நல்லது. மோஷன் பிளர் விருப்பம்தான்.

ஃபிரேம் ஜெனரேஷனைக் கடைசியில் தொடுங்கள். அது இல்லாமலே 60 வந்தால் மட்டும். இரண்டு உண்மையான ஃபிரேம்களுக்கு நடுவே கார்டு தானே ஒன்றை வரைந்து செருகுகிறது. திரையில் 30 என்பது 60 ஆகத் தெரியலாம், ஆனால் மவுஸுக்கு ஆட்டம் பதில் சொல்வது 30-ன் வேகத்தில்தான், இன்னும் கொஞ்சம் தாமதமாகவே. அது கார்டின் மெமரியையும் தின்னும் என்பதால் 8 ஜிபி கார்டில் இருந்த வேகமும் போகலாம்.

ஜி-சிங்க் அல்லது ஃப்ரீசிங்க் (எஃப்பிஎஸ்-க்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றும்) மானிட்டர் என்றால் எஃப்பிஎஸ் வரம்பை மானிட்டரின் அளவுக்குச் சற்றுக் கீழே, 144-க்கு 138 என்பதுபோல் வையுங்கள்.

படி 8: பாத் டிரேசிங்

2025 ஜூனில் வந்த அப்டேட் இதைச் சேர்த்தது. வழக்கமான நிலையில் மறைமுக ஒளியும் பிரதிபலிப்பும்தான் கதிர்களால் கணக்கிடப்படுகின்றன. பாத் டிரேசிங்கில் தீப்பந்தம், சூரியன், வெடிப்பு என்று நேரடி ஒளியும் நிழலும் உட்பட எல்லாமே கதிர்களால்தான். தீப்பந்தத்தின் ஓரமாக நிற்கும் தூணின் நிழல் அடியில் கூர்மையாகவும் போகப்போக மென்மையாகவும் மாறுவதை அப்போது பார்க்கலாம். ரே ரீகன்ஸ்ட்ரக்ஷனையும் சேர்த்து இயக்குங்கள். பழைய டீநாய்சர் கரைத்துவிடும் சின்ன விவரங்களை அது காப்பாற்றுகிறது.

விலை கடுமையானது. 12 ஜிபிக்குக் கீழே முயல வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ வகைக்குக் கீழ் உள்ள கார்டுகளில் எங்கள் தீர்ப்பு, அணைத்து வைப்பதே மேல். வழக்கமான நிலையின் ஒளியமைப்பே மிக நன்றாக இருக்கிறது. இயக்குபவர்கள் முதலில் ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்து அளக்கவும். 50 கூட வராவிட்டால் டிஎல்எஸ்எஸ்-ஐ ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி அளக்கவும்.

கிராஷ் ஆனால்

பழைய ஆட்டங்களில் மாதக்கணக்கில் நிலையாக இருந்த ஓவர்கிளாக்கும் அண்டர்வோல்ட்டும் இங்கே விழலாம். அந்த ஆட்டங்கள் ரே டிரேசிங் சுற்றுகளைத் தொட்டதே இல்லை. முதலில் கார்டை அதன் இயல்பு அளவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். அடுத்து ரேமின் எக்ஸ்எம்பி-யை அணைத்து ஒருமுறை பாருங்கள்.

இரண்டாலும் சரியாகாமல், பிராசசர் டெஸ்க்டாப் கோர் ஐ7 அல்லது ஐ9, 13 அல்லது 14-ஆம் தலைமுறை என்றால் கார்டை விட்டுவிட்டு அதைச் சந்தேகப்படுங்கள். கார்டில் மெமரி தாராளமாக இருந்தும் "அவுட் ஆஃப் வீடியோ மெமரி" என்று ஆட்டங்கள் விழுவது அந்தப் பிராசசர்களின் தெரிந்த நோய். அதிக வோல்டேஜால் சிப் மெல்ல மெல்லத் தேய்வதே காரணம் என்று இன்டெல்லே 2024-ல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியே மைக்ரோகோட் திருத்தங்களை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. புதிய பயாஸ் இனிமேல் தேயாமல் காக்கும், ஏற்கெனவே தேய்ந்த சிப்பை மீட்காது. அப்டேட்டுக்குப் பிறகும் விழுந்தால் பில்லை எடுத்துக்கொண்டு வாரன்டியில் மாற்றிக் கேளுங்கள்.